வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு

இந்தப் பையை மட்டும் மேல வைக்க வேண்டாம் அண்ணாச்சி, என் மடியிலயே இருக்கட்டும். உள்ள கோடிச்சேலை இருக்கு, பொணத்து மேல போடுற புதுச்சேலை. கீழயும் வைக்கக் கூடாது, கால் பட்டுரும். நான் தென்காசியில பந்தல் கடை வச்சிருக்கேன், பார்த்துக்கிடுங்க. எந்த வீட்டுல எழவு விழுந்தாலும் அழுகைச் சத்தத்துக்கு முந்தி எனக்குப் போன் வந்துரும். நாற்காலி, சாமியானா, ஐஸ் பெட்டி எல்லாம் நம்ம கடையிலருந்துதான் போகும். அதனால சாவுச் சாங்கியம் எல்லாம் எனக்கு அத்துப்படி.

யாருக்கா? என் தங்கச்சிக்கு. உலகம்மான்னு பேரு. நேத்து சாயங்காலம் செத்துப்போயிட்டா. நீங்க ஒண்ணும் சங்கடப்படாதிய. அவ செத்து இருபத்து மூணு வருசம் ஆச்சு. நேத்து செத்தது ரெண்டாவது தடவை.

முழிக்காதிய, சொல்லுதேன். மூணு மணி நேரம் இந்தப் பஸ்ஸுல உக்காரணும்லா. நீங்க மதுரைக்கா? நல்லதாப் போச்சு. நான் கல்லுப்பட்டியில எறங்கணும். ஒரு உதவி பண்ணுங்க, கல்லுப்பட்டி வந்தா என்னைத் தட்டி எழுப்பிருங்க. சரக்கு எடுக்க மாசத்துக்கு ரெண்டு தடவை இதே ரோட்டுலதான் மதுரைக்குப் போறேன். கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டா எனக்குக் கண்ணு தானாச் சொருகிரும். திருமங்கலம் வந்துதான் முழிப்பேன். அந்தப் பக்கத்துக் காத்து அப்படி.

மூணு மணிக்கு எடுக்குதாவ. அதுக்குள்ள நான் போயி இதைப் போட்டாகணும். கட்டிக்கொடுத்த பொம்பளைக்குப் பொறந்த வீட்டுக் கோடி விழாம எடுக்க மாட்டாவ, அதுவும் கூடப்பொறந்தவன் கையால விழணும். அவளுக்கு இருக்கிறது நான் ஒரே அண்ணன். காலையில என் மக அங்கன இருந்து போன் போட்டா. "மூணு மணி வரைக்கும்தான் நிறுத்தி வைக்க முடியும்ப்பா. நீங்க வரலேன்னா அதுக்கப்புறம் எனக்கும் தென்காசிக்கு வர வேலை இல்ல." அம்புட்டுதான், வச்சுட்டா. எனக்கு ஒரே மக அண்ணாச்சி. காந்திமதி. எங்கம்மை பேரைத்தான் வச்சோம். மதின்னு கூப்பிடுவோம். அவ சொன்னா செய்யக்கூடியவ.

இப்பம் மணி என்ன, பன்னெண்டே காலா? கடையநல்லூர்தானே இது. போயிரலாம். ரெண்டே முக்காலுக்கெல்லாம் கல்லுப்பட்டியில இருப்போம்.

முன்னாலயே கெளம்பியிருக்கலாம்தான். முதல் பஸ்ஸுல உக்கார எடம் இல்ல. ரெண்டாவது பஸ்ஸுல பாட்டுச் சத்தம், சாவுக்குப் போற மனுசன் அதைக் கேட்டுக்கிட்டுப் போக முடியுமா? என் வீட்டுக்காரி செண்பகம் விடியக்காலம் முதல் பஸ்ஸுக்கே போயிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. காப்பி போட்டு மூடி வச்சிருந்தா, அவ்வளவுதான்.

எல்லாம் அந்தப் படிப்பால வந்த வினை. ப்ளஸ் டூவுல மதி நல்ல மார்க்கு எடுத்தா. பி.காம் சேரு தாயி, கடையைப் பாத்துக்கிடலாம்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா. மெட்ராஸ்ல ஒரு காலேஜ்ல போயி மானிடவியல் எடுத்தா. கேள்விப்பட்டிருக்கியளா? நானும் கேள்விப்பட்டதில்ல. மாநிலத்தைப் பத்திப் படிக்கிற படிப்பான்னு கேட்டாரு எங்க தெரு தபால்காரரு. மனுசனைப் பத்திப் படிக்கிறதுன்னேன். அதுக்கு எதுக்கு மெட்ராஸ் போகணும், தென்காசி பஸ் ஸ்டாண்டுல நின்னா போதாதான்னாரு. ஊர்ல கேட்கிறவங்களுக்கெல்லாம் கலெக்டர் பரிச்சைக்கு உதவுற படிப்புன்னு சொல்லி வச்சேன். மாப்பிள்ளை கொண்டாந்த தரகரு, கலெக்டர் பரிச்சைன்னதும் பயந்து ஓடிட்டாரு.

முதல் வருசம் நல்லாத்தான் போச்சு. பொங்கலுக்கு வரும்போது காலேஜ்லருந்து ஒரு இரும்புச் சாமான் வாங்கிட்டு வந்தா. இடுக்கி மாதிரி, ரெண்டு பக்கமும் வளைஞ்சு இருக்கும். அதை வச்சு மண்டை அளக்கணுமாம். நீளம், அகலம், மூக்கு, தாடை. கடையில பந்தக்கால் நடுற பயலுவ, பாத்திரம் தேய்க்கிற பொம்பளைங்க, டீ குடிக்க வந்தவன், ஒருத்தனை விடல. எல்லாரும் வரிசையில நின்னு மண்டையைக் குடுத்தாவ. எனக்கும் அளந்தா. எனக்கு ஒரே பெருமை. அளந்தாச்சுல்லா, இப்பம் இதுல யாரு யாரு என்ன ஆளுன்னு சொல்லு பாப்போம்னேன். அதெல்லாம் சொல்ல முடியாதுப்பா, உங்க மண்டையும் அந்த லைட்டு கட்டுற மாமா மண்டையும் ஒரே கணக்குத்தான்னுட்டா. அப்புறம் என்ன எழவுக்கு இவ்வளவு சிரமப்பட்டு அளக்கணும்?

அந்தக் கோடை லீவுலயே ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு என் முன்னால உக்காந்தா. அப்பா, சாவு வீட்டுல என்னென்ன செய்வாங்க, வரிசையாச் சொல்லுங்கன்னா. அடடா, அன்னைக்கு நான் பேசுன பேச்சு. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் அப்படி உக்காந்து கேட்டதே இல்ல. சங்கு எப்பம் ஊதணும், நீர்மாலைக்கு யாரு போகணும், எண்ணெய் சீயக்காய் யாரு வைக்கணும், எல்லாம் சொன்னேன். கோடியைப் பத்தியும் நானாத்தான் சொன்னேன். பொறந்த வீட்டுக் கோடிங்கிறது கட்டிக்கொடுத்த பொம்பளைக்குத்தான் உண்டு. கல்யாணம் ஆகாத புள்ளைக்குக் கிடையாது. அவளுக்குப் புகுந்த வீடே இல்லையே, அப்புறம் பொறந்த வீடுன்னு தனியா எது? இதை நான் சொன்னதும் அவ பேனாவை நிறுத்திட்டு, அப்பா, எங்க மேடம்கூட இவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டாங்கன்னா. நானும் பூரிச்சுப் போயிட்டேன். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை.

ரெண்டாவது வருசம் வந்துது சனியன். சொந்தக் குடும்பத்தைப் படமாப் போடணுமாம். பரிச்சைக்கு மார்க்கு உண்டாம். ஆம்பளைன்னா முக்கோணம், பொம்பளைன்னா வட்டம். புருசன் பொஞ்சாதிக்கு நடுவுல சமக்குறி. செத்துப்போயிருந்தா குறுக்கே ஒரு கோடு. நாலு தலைமுறை வரணும். அதுல ஒரு முறை இருக்குன்னு சொன்னா. ஒரே கேள்வியை ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாக் கேக்கணும், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட மூச்சு விடக் கூடாது. எனக்கு அது அப்பம் உறைக்கல.

தீபாவளி லீவுல வந்து நாலு நாள் சுத்துனா. சுரண்டையில எங்க அக்கா வீட்டுக்குப் போனா, எங்க மாமா வீட்டுக்குப் போனா. அஞ்சாம் நாள் காலையில சாப்பாட்டு மேஜை மேல பெரிய தாளை விரிச்சா. நான் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். என் முக்கோணத்துக்குப் பக்கத்துல ஒரு வட்டம், குறுக்கே கோடு. உலகம்மாள்னு எழுதியிருந்தா.

"அப்பா, ஒரே அத்தை நாலு தடவை செத்திருக்காங்க" அப்படின்னா.

நான் காய்ச்சல்னு சொல்லியிருந்தேன். செண்பகம் கிணத்துல விழுந்துட்டான்னு சொல்லியிருக்கா. மாமா பாம்பு கடின்னு சொல்லியிருக்காரு. எங்கக்கா இருக்காளே, அவ பிரசவத்துலன்னு சொல்லியிருக்கா, மூதி. கல்யாணமே ஆகலைன்னு எல்லாரும் சொல்லுதிய, வட்டத்துக்குப் பக்கத்துல சமக்குறியே இல்ல, பிரசவம் எப்படி வந்துச்சுன்னு கேக்கா. வருசமும் நாலு பேருக்கு நாலு. ஆச்சி தாத்தா போட்டோவுக்கெல்லாம் மாலை இருக்கு, அத்தை போட்டோ எங்கன்னு கேக்கா. திதி எந்த மாசம்னு கேக்கா.

தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். கூடிப் பேசி ஒண்ணு போலச் சொல்லியிருக்கணும். இருபது வருசமா யாரும் கேக்கலைல்லா, அசந்துட்டோம்.

நடந்தது இதுதான். என் கல்யாணம் முடிஞ்சு மறு வருசம். உலகுக்கு இருபத்து ரெண்டு வயசு. நம்ம கடையில மைக்செட் கட்டுற ராசையான்னு ஒருத்தன். வேலைக்காரன்தான், நல்ல வேலைக்காரன், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஆளு இல்ல. அவன் கூடப் போயிட்டா. ஆவணி மாசம், மறுநாள் மூணு கல்யாணத்துக்குப் பந்தல் போட வேண்டியிருக்கு, அந்த நேரம் பாத்துப் போயிட்டா. எங்கய்யா யாரையும் அடிக்கல, வெட்டல. நல்ல மனுசன். நடுவீட்டுல பலகையைப் போட்டாரு. அதுமேல அவ தாவணியை விரிச்சாரு. எங்கம்மை வாயில துணியை அடைச்சுக்கிட்டு நிக்கா. எங்கய்யா என்னைப் பாத்து, திருமலை, கோடியைப் போடுலன்னாரு. போட்டேன். பச்சைச் சேலை. பெறவு எல்லாரும் சித்தாத்துல போயித் தலை முழுகிட்டு வந்தோம். பதினாறாம் நாள் சாப்பாடும் போட்டோம். பந்தல்கூட நம்ம பந்தல்தான். அன்னையோட அவ செத்தா. ஊருக்கே தெரியும். மதி அதுக்கு மூணு வருசம் கழிச்சுப் பொறந்தவ, அவளுக்குத் தெரியாது.

அன்னைக்கு மேஜையில அவ அப்படிக் கேட்டதும் எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துட்டு. பெத்த அப்பனை நம்பாம ஊரெல்லாம் போயி விசாரிக்கியான்னு கத்துனேன். உங்க அத்தை செத்தது நெசம், இந்தக் கையால நான் பொறந்த வீட்டுக் கோடி போட்டேன்டின்னு இட்லிக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவ என் கையையே பாத்தா. பெறவு மெதுவாச் சொன்னா. "கல்யாணம் ஆகாதவங்களுக்குப் பொறந்த வீட்டுக் கோடி கிடையாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

பேனாவை எடுத்தா. வட்டத்துக்குப் பக்கத்துல சமக்குறி போட்டா. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்கோணம் போட்டா, பேரு எழுதாம.

என்ன நிறுத்திட்டான்? ராஜபாளையமா? ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான் பாருங்க, சவத்துப் பயலுவ. ஒரு பக்கமா விடுதான். மணி ரெண்டு ஆகப் போகுதே. அரை மணி நேரம் இங்கனயே போயிரும் போலருக்கு. இப்படி நிக்கும்னு தெரிஞ்சா அந்தப் பாட்டுச் சத்தத்தோடயே போயிருப்பேன்.

லைட்டு பரமசிவம்னு நம்ம கடையில ரொம்ப வருசமா இருக்கான், மண்டை ஒரே கணக்குன்னு சொன்னாளே, அவன்தான். அவன்கிட்டப் போயிக் கேட்டிருக்கா. அவன் மறைக்காமச் சொல்லிட்டான். கல்லுப்பட்டியில ராசையா மைக்செட் கடை வச்சிருக்கான்னு. தை மாசம் மதி தனியாப் போயி எறங்கியிருக்கா. பஸ் ஸ்டாண்டுலருந்து ரோட்டைப் பாத்தாலே கடை தெரியுமாம். போர்டுல காந்திமதி சவுண்ட் சர்வீஸ்னு எழுதியிருக்காம். எங்கம்மை பேரு. என் பேரைப் போர்டுல பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன்ப்பான்னு சொன்னா. பஸ்ஸுல போனாக்கூடத் தெரியுமே, நீங்க பாத்ததே இல்லையான்னு கேட்டா. எப்படிப் பாக்க? நான் தூங்கிருவேன்லா.

அப்பம் உங்களுக்கு அவ எங்க இருக்கான்னு தெரியாதான்னு கேக்கிய. தெரியாதுன்னு நான் எங்க சொன்னேன்? ஒரு எடத்துல இருக்கான்னு தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? செத்தவங்களைப் போயிப் பாக்க முடியுமா?

மூணாவது வருசத்துக்கு ஊரு ஊராப் போயித் தங்கி ஒரு புஸ்தகம் மாதிரி எழுதிக் குடுக்கணுமாம். மத்த புள்ளையெல்லாம் நீலகிரிக்குப் போச்சு, ஏற்காடு போச்சு. இவ கல்லுப்பட்டிக்குப் போயி அத்தை வீட்டுல ஒன்றரை மாசம் இருந்திருக்கா. வீட்டுல தலை முழுகப்பட்ட பொம்பளைங்களைப் பத்தி எழுதுறாளாம். அந்தப் பக்கத்துல மட்டும் பதினோரு பேரு கெடைச்சாங்களாம். நான் காசு கட்டிப் படிக்க வச்சு எனக்கே சூனியம் வச்சுக்கிட்டேன் பாருங்க.

வீட்டுக்கு வந்தப்போ அந்த நோட்டை எடுத்துப் பாத்தேன். எடுத்திருக்கக் கூடாது. உலகுகிட்டயும் அதே கேள்விகளைக் கேட்டிருக்கா. கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு, பேரு என்ன, இருக்காங்களா இல்லையா. அதுல எழுதியிருந்துச்சு. அண்ணன், திருமலையப்பன், அனுஷ நட்சத்திரம், உயிருடன். அதுக்குக் கீழ, ஈரல் கொழம்பு பிடிக்கும், இடி இடிச்சா பயப்படுவான்னு எழுதியிருந்துச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இதையெல்லாம் எதுக்கு அண்ணாச்சி ஊரான் படிக்கிற புஸ்தகத்துல எழுதணும்? அந்தக் காலேஜ்ல இருக்கிற மேடமெல்லாம் என்ன நினைப்பாவ? நான் பந்தல் கடை முதலாளி, இடிக்குப் பயப்படுவேன்னு. சின்ன வயசுல பயப்படுவேன்தான். அவதான் பக்கத்துல வந்து படுத்துக்கிடுவா, எட்டு வயசு சின்னவ.

அதுக்குப் பெறவு நான் ஒரே முடிவாச் சொன்னேன். படிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், டீசியை வாங்கிட்டு வீட்டுக்கு வந்துருன்னேன். அவ பதறல. வாரேன்ப்பா, நீங்க அத்தையை ஒரு தடவை வந்து பாத்துருங்க, மறுநாளே டீசி வாங்கிருதேன்னா. அப்பமே உலகுக்கு உடம்பு சரியில்ல. வயித்துல கட்டி. மதுரையில காட்டுனாவளாம், முத்திப்போச்சுன்னு சொல்லிட்டானாம். வைகாசியில சொன்னா. வைகாசி எங்களுக்கு எப்படிப்பட்ட மாசம், நீங்களே சொல்லுங்க. ஒரு நாளைக்கு நாலு கல்யாணம். ஆனி முடியட்டும்னேன். ஆடியில வந்துருதேன்னேன். ஆடியில கோயில் கொடை வந்துட்டு, வில்லுப்பாட்டுக்குப் பந்தல் போடணும்லா. ஆவணி பொறந்தாச்சு. நேத்து சாயங்காலம் அவளும் பொறுத்துப் பாத்துட்டுப் போயிட்டா.

மனசுல இல்லைன்னு நினைக்காதிய. காலையில ஜவுளிக்கடைக்குப் போயி நின்னேன். கோடி வேணும்னேன். கடைக்காரரு, சுமங்கலியா அண்ணாச்சின்னாரு. எனக்குப் பகீர்னுட்டு. புருசன் இருந்தா கலர்ச் சேலை, இல்லைன்னா வெள்ளை. ஊரு பூரா சாவுக்குப் போறவனுக்கு என் சொந்தத் தங்கச்சி தாலியோட இருக்காளா இல்லையான்னு தெரியல. மதிக்குப் போன் போட்டேன். என்ன சொல்லிக் கேக்க? வாயில வர மாட்டேங்குது. கடைசியில, அவ புருசன் இருக்கானான்னு கேட்டேன். இருபத்து மூணு வருசத்துல இன்னைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன் பாத்துக்கிடுங்க, அவ புருசன்னு. மதி அழுதுக்கிட்டு இருந்தா போல. படம் உங்ககிட்டதானேப்பா இருக்கு, பாருங்கன்னு சொல்லி வச்சுட்டா.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து விரிச்சேன். கல்லுப்பட்டி போயிட்டு வந்து மதி புதுசாப் போட்டு வச்ச படம். உலகு வட்டத்துல கோடு இல்ல, அப்பம் இருந்தாள்ல. சமக்குறி, முக்கோணம், ராசையான்னு பேரு. முக்கோணத்துல கோடு இல்ல. கீழ ரெண்டு முக்கோணம், அவ பசங்க. பக்கத்துல நான். எனக்கும் கோடு இல்ல. திரும்பப் போயிப் பச்சைச் சேலையே வாங்கினேன், அரக்கு பார்டர். இந்தா, இந்தப் பைக்குள்ளதான் படமும் இருக்கு. நீங்க பாக்கியளா? வேண்டாம், கசங்கிரும்.

கடைக்காரரு சொன்னாரு, நல்ல சேலை, போயிச் சேந்தவுக குடுத்து வச்சவுகன்னு. சும்மா சொல்லல, அழுதேன். கடையில நாலு பேரு பாத்தாவ. ஆனா ஒரு சந்தேகம் அண்ணாச்சி, நீங்க வயசுல பெரியவரு. அவளுக்கு நான் ஏற்கெனவே ஒரு கோடி போட்டாச்சு. ஒரே பொம்பளைக்கு ஒரே அண்ணன் ரெண்டு தடவை கோடி போடலாமா? எத்தனையோ சாவு பாத்திருக்கேன், இது மட்டும் எனக்குத் தெரியல. அதை யோசிச்சுக்கிட்டேதான் ரெண்டு பஸ்ஸை விட்டேன். எடமில்ல, சத்தம்னு சொன்னேம்லா, அதுவும்தான். இதுவும்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல வேற பத்து நிமிசம் போட்டுட்டான். டிரைவரு எறங்கிப் போயி டீ குடிக்கான். போயி நாலு வார்த்தை கேக்கலாமான்னு பாத்தேன். கோடிச்சேலையை வச்சுக்கிட்டுச் சண்டை போடக் கூடாது.

மூணு அடிச்சுட்டா? எப்பம்? மூணு இருபதா? சாவு வீட்டுல மூணுன்னா மூணரை ஆகும், எனக்குத் தெரியாதா. ஐஸ் பெட்டியைத் தூக்கவே கால் மணி நேரம் ஆகும். இந்தா, கிருஷ்ணன்கோவில் வந்தாச்சு. நிறுத்தி வைப்பா. மதி சொன்னா நிறுத்துவாவ. என் மக அண்ணாச்சி, வாய் சாமர்த்தியம் உண்டு.

இருங்க, போன். அவதான்.

மதி, வந்துக்கிட்டே இருக்கேன் தாயி, கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு, ரோட்டை வெட்டிப் போட்டிருக்கான்... என்ன? ... எப்பம்? ... ம். ... யாரு போட்டா? ... ம். ... அப்படியா சொன்ன? ... மதி. ஏட்டி, மதி.

வச்சுட்டா.

எடுத்துட்டாவளாம். கோடி விழுந்துட்டாம். என் வீட்டுக்காரி காலையிலயே ஒரு சேலை கொண்டுபோயிருக்கா. எப்பம் வாங்கினாளோ, பீரோவுல எத்தனை நாளாக் கெடந்துச்சோ, எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பெரியவரு, பொறந்த வீட்டுல யாருன்னு ரெண்டு தடவை சத்தம் போட்டுக் கேட்டாராம். மூணாவது தடவை கேக்கும்போது மதி அந்தச் சேலையை எடுத்துக்கிட்டு முன்னால போயிருக்கா. பொம்பளைப்புள்ளை போடலாமா தாயி, அண்ணன் இல்லையான்னு கேட்டிருக்காரு.

செத்துட்டாருன்னு சொல்லிட்டாளாம்.

எப்பம்னு கேட்டாராம். இருபத்து மூணு வருசம் ஆச்சுன்னு சொன்னாளாம். அழாமச் சொல்லுதா அண்ணாச்சி என்கிட்ட, நோட்டுல எழுதுனதைப் படிக்கிற மாதிரி.

இது அடுக்குமா? நீங்களே சொல்லுங்க. நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். மூச்சு விடுதேன், பேசுதேன், என் கையில கோடி இருக்கு. பெத்த மக ஊரு கூடுன எடத்துல நின்னு எங்கப்பன் செத்துட்டான்னு சொல்லுதா. உயிரோட இருக்கிற மனுசனைப் போயிச் செத்துட்டான்னு சொல்ல எப்படி நாக்கு வரும்? அதைவிடப் பெரிய பாவம் உண்டா? எந்தச் சாஸ்திரத்துல இருக்கு? எந்தப் படிப்புல சொல்லிக் குடுத்தான்? எந்த மனுசனுக்கும் இப்படி ஒரு...

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய?

சரி விடுங்க.

இனிமே கல்லுப்பட்டியில எறங்கினா யாருன்னு சொல்லி எறங்க? செத்துப்போன அண்ணன் வந்திருக்கேன்னா? டிக்கெட்டு அங்கனதான் எடுத்திருக்கேன். மதுரைக்கு நீட்டிக்கிடலாம், கண்டக்டர்கிட்டச் சொன்னாப் போதும். சேலையைக் கடையில திருப்பி வாங்க மாட்டான், கோடின்னு சொல்லி வாங்குனது. ராசையா வீட்டுல இருப்பான். சுடுகாட்டுலருந்து வந்து குளிச்சுட்டு இருப்பான். அந்தப் பசங்க ரெண்டு பேரையும் நான் பாத்ததே இல்ல. அந்தப் போர்டையும் பாத்ததில்ல.

உங்ககிட்ட ஏறும்போதே சொன்னேம்லா, கல்லுப்பட்டி வந்தா என்னைத் தட்டி எழுப்புங்கன்னு. மறந்துராதிய. கிருஷ்ணன்கோவில் தாண்டுனா கண்ணு சொருகணும் எனக்கு. தாண்டி எவ்வளவு நேரமாச்சு, கால் மணி நேரம் இருக்குமா? இன்னைக்கு என்னமோ தூக்கம் வர மாட்டேங்குது.